ஏழாவது நிறுத்தம்

அத்தியாயம் 9

கன்னியப்பன் புதுச் செருப்பு வாங்கியிருந்தார்.

பழுப்பு நிறம். குதிகாலுக்குப் பின்னால் பட்டை வைத்தது. முந்தின நாள் சாயங்காலம் மரக்காணம் கடைத்தெருவில் வாங்கியவர், விடிவதற்கு முன்னால் எழுந்து குளித்துவிட்டு, வாசலுக்கும் தெருமுனைக்கும் நாலு நடை நடந்து அதைப் பழக்கிக்கொண்டிருந்தார்.

"உங்கப்பாவப் பாரு. பொண்ணு பாக்கப் போற மாப்ள கணக்கா நடக்குறாரு" என்று ஞானாம்பாள் அடுப்படியிலிருந்து மகளைக் கூப்பிட்டாள்.

ரேணுகா எட்டிப் பார்த்தாள். அப்பா நொண்டிக்கொண்டே நடந்தார். முப்பது வருஷம் உப்பளத்தில் வெறுங்காலோடு நின்றவர். எந்தச் செருப்பும் அந்தக் காலுக்குச் சரியாக உட்காராது.

"பா, நீ வந்து என்னா பண்ணப் போற? ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும். வெயில் வேற."

"எனக்கே நடக்கச் சொல்லித் தர்றியா?"

"இன்னிக்கி அளத்துல வேல இருக்குமே."

"சகாதேவன்கிட்ட சொல்லிட்டேன். என் பாத்தியும் சேத்து அவன் வாரிடுவான்."

பங்குனி மாசம். பாத்திகளில் உப்பு திரண்டு நிற்கிற நாட்கள். பலகையைப் போட்டு வாரி வரப்பில் சேர்க்காவிட்டால் முதலாளி ஆள் விட்டுக் கேட்பார். அப்படிப்பட்ட மாசத்தில் கன்னியப்பன் ஒரு நாள் ஓய்வு கேட்டு வாங்கியிருந்தார். அவருக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

இனி அவரைத் தடுக்க வழியில்லை என்று ரேணுகாவுக்குப் புரிந்தது.

மூன்று வாரமாக அவள் எதற்காகச் சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறாள் என்று இந்தக் கதையைத் தொடர்ந்து வருகிறவர்களுக்குத் தெரியும். வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்குத்தான் தெரியாது.

புதுச்சேரியில் 'தெருக்குரல்' என்று ஒரு சின்னக் கம்பெனி. பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு எட்டு மாசமாக ரேணுகா அங்கேதான் வேலை செய்கிறாள். ஊர் பார்க்க வருகிறவர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தாங்களே நடக்கலாம். கைடு வேண்டாம். பழைய கட்டடத்தின் முன்னால் போய் நின்றால் கையில் இருக்கிற போன் தானாகக் கதை சொல்லும். ஒன்பது நிறுத்தங்கள். இங்கிலீஷில் இரண்டு வருஷமாக ஓடுகிறது. தமிழில் இன்றைக்குத்தான் தொடங்குகிறார்கள். எழுத்தும் குரலும் ரேணுகா.

ஒன்பது நிறுத்தங்களையும் புத்தகங்களைப் பார்த்து எழுதினாள். ஏழாவதைப் படித்துவிட்டு, கம்பெனியை நடத்துகிற வினோதினி உதட்டைப் பிதுக்கினாள்.

"ரொம்ப ட்ரையா இருக்கு ரேணு. உன் ஊர் உப்பளம்தானே? உன் வீட்லேருந்து ஒரு கதை குடேன்."

ரேணுகா இரண்டு நாள் யோசித்தாள். எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் தாத்தா அய்யனாரின் சாவைப் பற்றி ஒரு கதை எழுதிக் கொடுத்தாள். வினோதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போன வாரம், "உன்னைப் பர்மனென்ட் பண்றேன்" என்றாள்.

அந்தக் கதையில் ஒரு பொய் இருந்தது. சின்னப் பொய் இல்லை.

"ஏழாவதுல நம்ம அளம் வரும்" என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வரிக்காகத்தான் அப்பா செருப்பு வாங்கியது.

---

ஆறரை மணிக்குப் புதுச்சேரி பெரிய மார்க்கெட் மணிக்கூண்டின் கீழே இருபது பேர் கூடியிருந்தார்கள். வினோதினி அழைத்தவர்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் பக்தவச்சலம் வந்திருந்தார். காலேஜ் பெண்கள் ஆறேழு பேர், இரண்டு மூன்று குடும்பங்கள்.

வினோதினி நேரே கன்னியப்பனிடம் வந்து கும்பிட்டாள். "வாங்கப்பா. நீங்க வந்ததுல எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

"எம்பொண்ணு கொரலக் கேக்கலாம்னு வந்தேங்க" என்றார் கன்னியப்பன். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

கம்பெனி போன்கள் ஒரு கூடையில் இருந்தன. எல்லாவற்றையும் தமிழில் வைத்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பது ரேணுகாவின் வேலை. பன்னிரண்டாம் நம்பர் போனை எடுத்தாள். அப்பாவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். மொழி என்ற இடத்தைத் தொட்டாள்.

தமிழை எடுத்துவிட்டு இங்கிலீஷை வைத்தாள்.

பழைய இங்கிலீஷ் ஏழாவதில் தாத்தா கிடையாது. உப்பளமும் கிடையாது. கப்பலும் பாலமும்தான். அப்பாவுக்கு ஒன்றும் புரியாது. புரியவில்லை என்று நாலு பேர் நடுவில் சொல்லவும் மாட்டார். அவரைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருப்பதற்கு அவளுக்கே கூசியது.

ஹெட்போனை அவளே அவர் காதில் மாட்டிவிட்டாள்.

"கேக்குதாப்பா?"

"ஜோரா கேக்குது."

நடை தொடங்கியது. மார்க்கெட்டைத் தாண்டி, கால்வாயைக் கடந்து, மஞ்சள் சுவர் வீடுகள் இருக்கிற தெருவுக்குள் போனார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்றார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், தலையாட்டினார்கள். அவர்கள் தலையாட்டும்போது கன்னியப்பனும் ஆட்டினார். அவர்கள் ஜன்னலைப் பார்த்தால் அவரும் ஜன்னலைப் பார்த்தார்.

மூன்றாவது நிறுத்தத்தில் ரேணுகா பக்கத்தில் போனாள். அவர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினார். முகம் மலர்ந்திருந்தது.

"இவ்ளோ இங்கிலீசு எப்பம்மா கத்துகின?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. இங்கிலீஷில் பேசுகிற குரல் வினோதினியுடையது. அப்பா அதைத் தன் மகளின் குரல் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டு வருகிறார்.

"அடையாளமே தெரியல போ. வெள்ளக்காரி மாதிரியே இருக்குது" என்றார்.

"ம்" என்றாள் ரேணுகா.

அவர் திருப்தியாக ஹெட்போனைச் சரி செய்துகொண்டு நடந்தார். இடது குதிகாலில் பட்டை உரசி, தோல் கிழிந்து, செருப்பில் ரத்தம் பட்டிருந்தது.

"கழட்டிடேம்பா."

"இருக்கட்டும். இவங்கள்லாம் போட்டுனு நடக்குறாங்க பாரு."

---

ஆறாவது நிறுத்தம் பூங்காவுக்குள். ஒரு அம்மாவின் போனில் சத்தம் நின்றுவிட்டது என்று ரேணுகாவைக் கூப்பிட்டார்கள். அதைச் சரி செய்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். பத்தடி தள்ளி, மரத்தடியில் வாத்தியார் பக்தவச்சலம் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார்.

கன்னியப்பன் சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்திருந்தார். புரியாததைப் பெரிதாகக் கேட்டால் புரியும் என்று நினைத்தாரோ என்னவோ. ஹெட்போனைத் தாண்டி வெளியே கேட்டது.

"உங்களுக்கு இங்கிலீஷ்ல ஓடுதுங்களே" என்றார் வாத்தியார்.

"ஆமாங்க. எம்பொண்ணுதான் பேசுறா."

"ரேணுகாவா? அது தமிழ்லதானே பேசியிருக்கு. இது வேற யாரோ. குடுங்க இப்படி."

வாங்கினார். இரண்டு தட்டுத் தட்டினார். திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். பத்து வினாடிகூட ஆகவில்லை.

ரேணுகா அந்த அம்மாவின் போனை அப்படியே அவள் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அதற்குள் கூட்டம் பூங்காவை விட்டு வெளியேறிக் கடற்கரைச் சாலையைப் பார்த்து நடந்தது. அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

"பா. டீ சாப்புடலாம் வா. அந்தப் பக்கம் கடை இருக்குது."

"இரும்மா. இப்பதான் உன் கொரல் வருதாம்."

"அப்புறம் வந்து கேக்கலாம்பா."

"டீதான் எங்கயும் கெடைக்குமே."

கடலுக்கு முன்னால் கருங்கல் தளத்தில் இருபது பேரும் நின்றார்கள். பழைய கப்பல் பாலத்தின் மிச்சத் தூண்கள் அலைக்குள் தெரிந்தன. அந்த இடத்துக்கு வந்ததும் இருபது போன்களும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. வெளியே ஒரு சத்தமும் இல்லை. ஆனால் ரேணுகாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எழுதியவள் அவள்.

'வணக்கம். நான் ரேணுகா. இது ஏழாவது நிறுத்தம். கடலுக்குள் நிற்கிற தூண்களைப் பாருங்கள். இந்தப் பாலத்தின் முனையில் ஒரு காலத்தில் படகுகள் சரக்கு இறக்கின. சரக்கைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நான் கால்களைப் பற்றிச் சொல்கிறேன்.

'இங்கிருந்து வடக்கே முப்பத்தைந்து கிலோமீட்டரில் என் ஊர், மரக்காணம். என் தாத்தா அய்யனார் ஐம்பது வருஷம் அங்கே உப்பளத்தில் வெறுங்காலோடு நின்றவர். அவர் இறந்தபோது சிதையில் வைத்தார்கள். உடம்பு முழுவதும் சாம்பலானது. பாதங்கள் மட்டும் எரியவில்லை. உப்பு ஏறி இறுகிப்போன பாதங்கள். நான் வேதியியல் படித்தவள். அதற்குக் காரணம் உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் என் அப்பாவின் கைகளில் அந்த இரண்டு பாதங்களையும் பார்த்தபோது எந்தக் காரணமும் எனக்கு நினைவு வரவில்லை.

'இப்போது ஒரு நிமிஷம், உங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு இந்தக் கல்லின் மேல் நில்லுங்கள்.'

இருபது பேரும் குனிந்தார்கள். ஷூ கயிற்றை அவிழ்த்தார்கள். வெள்ளையாக, மென்மையாக, விரல்கள் ஒட்டிய பாதங்கள் கருங்கல்லில் இறங்கின.

கன்னியப்பனும் குனிந்தார். சொன்னதற்காகக் கழற்றினாரா, வலி தாங்காமல் கழற்றினாரா தெரியாது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் காலையிலிருந்து இருந்த எதுவும் இல்லை. தூண்களைப் பார்த்தார். அப்புறம் தன் கைகளைப் பார்த்தார்.

மரக்காணத்தில் அவர்கள் சாதி சனத்தில் யாரையும் எரிப்பதில்லை. புதைப்பதுதான். தாத்தாவையும் அப்படித்தான். எரியாத பாதங்களை ரேணுகா ஏதோ ஒரு இணையதளத்தில் படித்திருந்தாள். எங்கோ வடக்கே, வேறு ஓர் உப்பு நிலத்தைப் பற்றி எழுதியது. காரணம் உண்டு என்று சொன்னதும் பொய். உப்பு நீரில் கரையும், தோலுக்குள் போய்க் கல்லாகாது. அவளுடைய முதல் வருஷப் பாடம் அது.

ஒவ்வொருவராக ஹெட்போனைக் கழற்றினார்கள். சிலர் ரேணுகாவைப் பார்த்தார்கள். வினோதினி கன்னியப்பனின் தோளைத் தொடாமல் தொட்டு, எல்லோருக்கும் சொன்னாள்: "இவர்தான். ரேணுகாவோட அப்பா."

இருபது பேரின் கண்களும் கீழே இறங்கின. அவர் கால்களுக்கு.

வெடித்து, வெளுத்து, நகம் தேய்ந்த கால்கள். குதிகாலில் செருப்பு கடித்த ரத்தம். ஒரு காலேஜ் பெண் போனைக் கீழே சாய்த்தாள்.

"எடுத்துக்கவாங்க ஐயா?"

கன்னியப்பன் கேட்டதைப் புரிந்துகொள்ள ஒரு வினாடி ஆனது. "ம்" என்றார். கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார், ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்க நிற்கிற மாதிரி.

பக்தவச்சலம் கிட்டே வந்தார். நல்ல மனுஷர். "தப்பா நெனைக்காதீங்க. நெசமாவே எரியலீங்களா?"

கன்னியப்பன் மகளைப் பார்த்தார்.

இல்லை என்று அவரே சொல்லிவிட மாட்டாரா என்று ரேணுகா நினைத்தாள். சொல்லிவிடக் கூடாதே என்றும் நினைத்தாள். இரண்டாவது நினைப்புதான் பெரிதாக இருந்தது. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"ஆமாங்க" என்றார் கன்னியப்பன். "எரியல."

"நீங்கதான் கொள்ளி வெச்சீங்களா?"

"நான்தாங்க வெச்சேன்."

"அப்புறம் அந்தப் பாதத்த என்ன பண்ணீங்க?"

கன்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். கடல் எதிரே இருந்தது. "கடல்ல விட்டுட்டோம்ங்க."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வினோதினி மறுபடியும் கும்பிட்டாள்.

இன்னும் இரண்டு நிறுத்தங்கள் இருந்தன. கலங்கரை விளக்கம், அப்புறம் சுங்க அலுவலகம். கன்னியப்பன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் கூடவே வந்தார். ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். காதில் வைக்கவில்லை.

---

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் அப்பா, பக்கத்தில் மகள், நடுவில் செருப்பு வைத்த மஞ்சள் பை.

கோட்டக்குப்பம் போனது. பொம்மையார்பாளையம் போனது. திட்டட்டும் என்று ரேணுகா காத்திருந்தாள். பொது இடத்தில் இரண்டு அறை விட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவள் போன் அதிர்ந்தது. வினோதினி.

'அப்பா சூப்பர். எல்லாரும் அவரைப் பத்திதான் பேசுறாங்க. வர்ற ஞாயிறு பதினஞ்சு பேர் மரக்காணம் வர்றோம். அளம் பாக்கணும், தாத்தாவுக்குச் சிதை வெச்ச எடமும் பாக்கணும். அப்பாவையே சொல்லச் சொல்லலாம். உன் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டேன், திங்கட்கிழமை வாங்கிக்கோ.'

ரேணுகா பதில் எழுத ஆரம்பித்தாள். 'மேடம், ஒரு விஷயம்' என்று எழுதினாள். அழித்தாள்.

கூனிமேடு மசூதி தாண்டியபிறகு கன்னியப்பன் பேசினார்.

"தாத்தாவ அடக்கம் பண்ணோம்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்பா."

"இல்ல, நீ அப்ப ஒம்போதாவது படிச்ச. பொம்பளப் புள்ளைங்கள அங்கல்லாம் இட்டுனு போறதில்ல. தெரியாம எழுதிட்டியோன்னு பாத்தேன்."

அவளுக்கு ஒரு வழி திறந்து வைத்திருந்தார். ஆமாம்பா, தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், அல்லது நம்பியதுபோல் இருந்திருப்பார்.

"தெரிஞ்சிதான்பா எழுதுனேன்."

"ம்."

கண்டக்டர் வந்து டிக்கெட்டைப் பார்த்துவிட்டுப் போனார்.

"மூணு பொய்" என்றார் கன்னியப்பன். "எரியலன்னு ஒண்ணு. கொள்ளி வெச்சேன்னு ஒண்ணு. கடல்ல விட்டோம்னு ஒண்ணு. அந்த வாத்தியாரு நல்லவரு, கேட்டுனே இருக்காரு. எனக்கு வாயி பாட்டுக்கு வருது." ஜன்னல் கம்பியைத் துடைத்தார். "எங்கப்பனக் கடல்ல விட்டேன்னு நானே சொல்லிட்டு வர்றேன்."

"பா..."

"குழியில உப்பு போடுறது எங்க வழக்கம். ஒரு படி, ரெண்டு படி போடுவாங்க. அன்னிக்கி அளமே திரண்டு வந்துடுச்சி. ஆளுக்கு ஒரு கூட உப்போட. எல்லாம் அவரு வாரிக் குவிச்ச உப்பு. முகம் மட்டும் தெரியுது, மத்தது வெள்ள. சகாதேவன்தான் உள்ள எறங்கிக் கையால பரப்பிவிட்டான். பெரும் பரலு உப்பு, அவன் கைய அறுத்துப் போட்டுடுச்சி. கை எரியுது, அவன் நிறுத்தல."

வினோதினி வீட்டிலிருந்து ஒரு கதை கேட்டபோது இரண்டு நாள் மொட்டை மாடியில் உட்கார்ந்து யோசித்தவள் ரேணுகா. அப்பா கீழேதான் இருந்தார். கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார்.

பஸ் வளைந்தது. வலது பக்கம் முதல் பாத்திகள் தெரிந்தன, வெயிலில் கண்ணைக் குத்தின.

"மொதல்ல இங்கிலீசு பேசுனது யாரு?" என்று கேட்டார்.

"வினோதினி மேடம்."

"நீன்னு நெனச்சிட்டேன்." பையைப் பார்த்துக்கொண்டே, "போனுல அத யாரு வெச்சது?"

இதைக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அவள் பயந்துகொண்டிருந்தாள். தாத்தாவைப் பற்றிக் கேட்டதைவிட இது ஆழமாக இறங்கியது.

"நான்தான்பா."

கன்னியப்பன் தலையாட்டினார். மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

---

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன.

சகாதேவனும் அவர் பெண்சாதி செல்லம்மாளும் அளத்திலிருந்து நேராக வந்து உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் வரைக்கும் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. ஞானாம்பாள் சொம்பில் மோர் கொண்டுவந்தாள்.

"என்னாப்பா, பாண்டி பாத்துட்டு வந்தாச்சா?" என்றார் சகாதேவன். "உன் பாத்தி உப்பையும் சேத்து வாரி என் இடுப்பு ஒடஞ்சி போச்சி. இதுக்குப் பதிலா எங்க கதைய நாங்க கேட்டுட்டுதான் போவோம்."

"ஏழாம் நம்பர்ல நம்ம அளம் வருதாமே" என்றாள் செல்லம்மாள். "உன் பேரெல்லாம் வருதாடி ரேணு?"

"என் பேரு வருமா?" என்றார் சகாதேவன்.

"உன் பேரு வந்தா போனு வெடிச்சிடும்."

ஞானாம்பாள் சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் அப்படிச் சிரித்தாள். "எங்க இருந்து வேணா கேக்கலாமாமே, நம்பரத் தொட்டா போதுமாமே. போடுடி."

ரேணுகா அப்பாவைப் பார்த்தாள். அவர் வாசப்படியில் மஞ்சள் பையோடு நின்றார். குதிகால் ரத்தம் காய்ந்திருந்தது. அவர் முதலில் சகாதேவனைப் பார்த்தார், அப்புறம் அவள் கையிலிருந்த போனை.

"போனுல சார்ஜ் இல்ல" என்றார்.

நாலு என்று ரேணுகா எண்ணினாள்.

"கரன்ட் இருக்குதே, வயரப் போடு" என்றாள் ஞானாம்பாள்.

"வயர அங்கயே விட்டுட்டு வந்துட்டோம்" என்றார் கன்னியப்பன்.

ஐந்து.

"அப்ப சாயங்காலமா வர்றோம்" என்று சகாதேவன் எழுந்தார். முட்டி பிடித்து, மறுபடி சாய்ந்து, எழுந்தார். "அதுக்கென்னா. எங்க ஓடிடப் போவுது கதை?"

இப்படியே விட்டுவிடலாம். சாயங்காலத்துக்கு வேறு ஒன்று சொல்லலாம். நாளைக்கு வேறு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேர் வருவார்கள், அப்பா அவர்களை அளத்து ஓரமாக ஏதோ ஒரு வெறும் மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். இங்கதாங்க என்பார். அவள் கேட்காமலே செய்வார்.

"உக்காருங்க மாமா" என்றாள் ரேணுகா. "சார்ஜ் இருக்குது."

"ரேணு" என்றார் கன்னியப்பன், மெதுவாக.

"இருக்குதுப்பா."

காலியாக இருந்த நாற்காலியின் மேல் போனை வைத்தாள். மொழியைப் பார்த்தாள். தமிழ். சத்தத்தை முழுசாகக் கூட்டினாள். அவள் யார் முகத்தையும் பார்க்காததைச் செல்லம்மாள் பார்த்துவிட்டு, "வெக்கத்தப் பாரு இதுக்கு" என்று கேலி செய்தாள்.

ஏழாம் எண்ணைத் தொட்டாள்.

'வணக்கம். நான் ரேணுகா.'

ஞானாம்பாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பூரித்தாள். மரக்காணம் என்ற பேர் வந்ததும் செல்லம்மாள் புருஷனின் முழங்கையை இடித்தாள். அய்யனார் என்ற பேர் வந்ததும் யாரும் யாரையும் இடிக்கவில்லை.

கன்னியப்பன் பையைக் கீழே வைத்துவிட்டு, வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

'அவர் இறந்தபோது...' என்றது ரேணுகாவின் குரல்.

சகாதேவன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும் என்பதுபோல, தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.